காலாவதியான பொலிசியில் ஒன்றுமே கிடைக்காதா?

இடப்பெயர்வுகளுக்கு முன்னர் பெற்றோர் கட்டிவந்த ஆயுள் காப்புறுதிப் பத்திரங்கள் இன்னமும் சில வீடுகளில் இருக்கின்றன. தவணைப் பணம் ஏதோ ஓர் இடப்பெயர்வோடு நின்றுபோயிருக்கும். அவர்கள் இறந்தபின் பிள்ளைகள் விசாரித்தால், "பொலிசி காலாவதியாகிவிட்டது" என்ற பதில் வரும். அந்தப் பதிலைக் கேட்டவுடன் திரும்பிவிட வேண்டாம்.

என் அப்பா 1988 இல் 50,000 ரூபாவுக்கு, 20 ஆண்டுகாலப் பொலிசி ஒன்றை எடுத்தார். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேறும்வரை 7 ஆண்டுகள் கட்டினார். 2007 இல் நோயினால் இறந்தார். போர் முடிந்தபின் கிளை அலுவலகத்துக்குப் போன அம்மாவுக்கும் அதே பதிலைத்தான் சொன்னார்கள்.

தவணை தவறி, சலுகைக் காலமும் கடந்தால் முழுக் காப்பு நின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் சேமிப்போடு சேர்ந்த பொலிசிகளில், பத்திரத்தில் குறித்த ஆகக்குறைந்த காலம் கட்டியிருந்தால் (பலவற்றில் இது 3 ஆண்டுகள்) பொலிசி வெறுமையாவதில்லை. காப்புத் தொகை மட்டும் குறையும். அந்தக் குறைந்த தொகை இறப்பின்போதோ முதிர்வின்போதோ கொடுக்கப்பட வேண்டும். இதைத்தான் ஊழியர்கள் "பெயிட் அப்" என்பார்கள். 20 ஆண்டுகளில் 7 ஆண்டுகள் கட்டிய அப்பாவின் கணக்கு: 50,000 × 7 ÷ 20 = 17,500 ரூபா. அதுவரை சேர்ந்த போனஸ் தனி. பொலிசியின் மேல் கடன் எடுத்திருந்தால் வட்டியோடு கழிப்பார்கள். சேமிப்பு இல்லாத, வெறும் இறப்புக் காப்பு மட்டுமான பொலிசியில் இப்படி எதுவும் மிஞ்சாது.

ஆகவே வாய்மொழியாகக் கேட்காமல், பதிவுத் தபாலில் தலைமை அலுவலகத்துக்கு எழுதுங்கள். எத்தனை தவணைகள் வரவாகியுள்ளன, குறைக்கப்பட்ட காப்புத் தொகை எவ்வளவு, போனஸ் எவ்வளவு, கடன் உண்டா, மறுப்பதானால் பத்திரத்தின் எந்த நிபந்தனையின்படி என்ற ஐந்தையும் கேளுங்கள். நாங்கள் அப்படி எழுதிய பின்னரே கணக்குப் பார்த்தார்கள். அம்மாவின் பெயருக்குக் காசோலை வந்தது. இன்றைய விலைவாசியில் அது பெரிய தொகையல்ல. ஆனாலும் அப்பா உழைத்துக் கட்டிய காசு.

பத்திரம் தொலைந்திருந்தால் பழைய பற்றுச்சீட்டிலோ, சம்பளத்தில் கழித்திருந்தால் சம்பளப் பட்டியலிலோ இலக்கம் இருக்கும். தொலைந்ததற்கும், அடையாள அட்டைக்கும் இறப்புச் சான்றிதழுக்கும் இடையிலான பெயர் வேறுபாட்டுக்கும் சமாதான நீதவான் முன் சத்தியக்கடதாசி முடித்துக்கொள்ளலாம். பணம் பெறுபவரின் பெயர் பத்திரத்தில் இல்லையென்றால், அல்லது அவரும் இறந்துவிட்டால், வாரிசுகள் யார் என்று நிரூபிக்க வேண்டிவரும். அப்போது சட்டத்தரணி ஒருவரைக் கேளுங்கள்.

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு இது வேறு கதை. 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம் காணாமற்போனவருக்கு இறப்புச் சான்றிதழ் பெற வழி வைத்தது. 2016 ஆம் ஆண்டின் திருத்தம், இறப்பை ஏற்காமலே காணாமற்போனமைக்கான சான்றிதழைப் பெற இடமளித்தது. காப்புறுதிப் பணத்துக்காக மட்டும் இறப்புச் சான்றிதழுக்குக் கையொப்பம் வைக்க வேண்டாம். பொலிசியின் காலம் முடிந்திருந்தால் அந்தப் பணம் முதிர்வுத் தொகை. மற்றச் சான்றிதழைக் காட்டி அதைப் பெறமுடியுமா என்று முதலில் எழுத்தில் கேளுங்கள்.

நிறுவனம் பதில் தராவிட்டால், 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குமுறை ஆணைக்குழுவிடம் முறையிடலாம். காப்புறுதிக் குறைகேள் அதிகாரியும் இருக்கிறார். எங்கே போனாலும் கடிதத்தின் பிரதியையும் தபால் பற்றுச்சீட்டையும் கொண்டுபோங்கள். "எடுத்துத் தருகிறேன், பாதி தாருங்கள்" என்று வருபவர்களிடம் அசல் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள்.