கர்ப்பகாலத்தில் போதை மீட்பு: மருந்தைத் தொடர்வதே பாதுகாப்பு

ஹெராயின், ஃபென்டானில் போன்ற ஓபியாய்டு போதைப்பொருளுக்கு அடிமையான பெண் கருவுற்றதும், ‘வயிற்றுப் பிள்ளைக்காகவாவது இன்றே விட்டுவிடு’ என்பார்கள். அக்கறையில் வரும் பேச்சுதான். ஆனால் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வாட்டும். தாங்க முடியாமல் பலர் பழைய பழக்கத்துக்கே திரும்புகிறார்கள். இடையில் உடலின் தாங்குதிறன் குறைந்துவிடுவதால், முன்பு எடுத்த அளவே உயிரைப் பறிக்கலாம். அதனால்தான் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பின் 2017 வழிகாட்டுதல், மெத்தடோன் அல்லது பியூப்ரினார்ஃபின் சிகிச்சையைப் பரிந்துரைக்கிறது.

எந்த மருந்து?

இரண்டும் ஓபியாய்டு வகைதான். ஆனால் மெல்லச் செயல்பட்டு, நாள் முழுக்க நின்று, போதைக்கும் தவிப்புக்கும் இடையிலான அலைக்கழிப்பைத் தணிக்கின்றன. 2010-ல் வெளியான ‘மதர்’ ஆய்வில், பியூப்ரினார்ஃபின் எடுத்த தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 10 நாள் மருத்துவமனையில் இருந்தார்கள். மெத்தடோன் எடுத்தவர்களின் குழந்தைகள் 17.5 நாள். அதேசமயம், சிகிச்சையைப் பாதியில் விட்டவர்கள் பியூப்ரினார்ஃபின் பிரிவில்தான் அதிகம். எனவே யாருக்கு எது ஒத்துவருகிறது என்று பார்த்தே முடிவெடுக்கிறார்கள்.

மாதம் ஏற ஏற மெத்தடோன் உடலிலிருந்து வேகமாக வெளியேறும். அப்போது அளவைக் கூட்டவோ, இரு வேளையாகப் பிரித்துத் தரவோ நேரிடும். போதை முற்றிவிட்டதாகக் குடும்பத்தார் இதைக் கருதக் கூடாது.

பிரசவ அறையில்

அன்றாட டோஸ் பிரசவ நாளிலும் தொடர வேண்டும். ஆனால் அந்த டோஸ் மட்டும் பிரசவ வலிக்குப் போதாது. எபிடியூரல் (முதுகுவழி வலிநீக்கம்) போன்ற தனி ஏற்பாடு தேவை. பியூடார்ஃபனால், நால்பியூஃபின், பென்டசோசின் ஊசிகளைத் தவிர்க்க வேண்டும்; ஓபியாய்டை நிறுத்தினால் வரும் விலகல் அவதியை அவை சட்டென்று தூண்டிவிடும். வலியில் துடிப்பவரை, மருந்துக்காக நடிக்கிறார் என்று ஒதுக்குவது கொடுமை.

குழந்தைக்கு என்ன ஆகும்?

தாய்வழி வந்த ஓபியாய்டு நின்றுவிடுவதால், பிறந்த சில நாட்களில் வீறிட்ட அழுகை, நடுக்கம், பால் குடிக்கத் திணறல் தோன்றலாம். இவை எதிர்பார்க்கக்கூடியவை, சிகிச்சையில் குணமாகுபவை. முன்பு அறிகுறிகளுக்கு மதிப்பெண் போட்டு மார்பின் கொடுப்பார்கள். இப்போது அமெரிக்க மருத்துவமனைகள் பலவற்றில் மூன்றே கேள்விகள்: குழந்தை போதிய பால் குடிக்கிறதா? ஒரு மணி நேரமாவது தூங்குகிறதா? அழுதால் பத்து நிமிடத்தில் ஆறுதல் அடைகிறதா? இல்லையென்றால் முதலில் மங்கிய வெளிச்சம், தாயின் மார்புச்சூடு, அடிக்கடி பால். அதன் பிறகே மருந்து. 26 மருத்துவமனைகளில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வில், இந்த முறையால் மருந்து தேவைப்பட்ட குழந்தைகள் 52 விழுக்காட்டிலிருந்து 19.5 விழுக்காடாகக் குறைந்தார்கள்.

சிகிச்சையில் நிலைத்திருக்கும் தாய், வேறு மருத்துவத் தடை இல்லாவிட்டால், தாய்ப்பால் கொடுக்கலாம்.

வீடு திரும்பிய பிறகு

பிள்ளைப்பேற்றுக்குப் பிந்தைய ஓராண்டுதான் தாய்க்கு ஆபத்தான காலம். தூக்கமின்மை, மனச்சோர்வு, குழந்தையைப் பறித்துவிடுவார்களோ என்ற அச்சம் எல்லாம் சேர்ந்து அழுத்தும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் கர்ப்பகாலப் போதைப் பயன்பாடு குழந்தைக் கொடுமையாகவே கருதப்படுகிறது. அதற்குப் பயந்தே பலர் மருத்துவமனைப் பக்கம் வருவதில்லை. தண்டனை பயம் இல்லாத சிகிச்சையும், பிரசவத்தோடு நின்றுவிடாத மருந்தும் கிடைத்தால் தாயும் பிள்ளையும் பிழைப்பார்கள். அதற்கு வழிசெய்வது அரசின் கடமை.