83இல் கொடுத்த பத்து ரூபாயும் அமெரிக்க விசாவும்

2025 செப்டம்பர் 2 முதல் 79 வயதைக் கடந்தவர்களும் 14 வயது நிரம்பாத குழந்தைகளும்கூடப் பொதுவாக அமெரிக்க விசாவுக்கு நேரில் வந்தாக வேண்டும். அந்த ஆண்டு ஜூலையில் இந்த அறிவிப்பு வந்ததிலிருந்து நமக்கு வரும் கடிதங்களில், நேர்காணல் இல்லாமல் விசா வாங்கும் டிராப்பாக்ஸ் பற்றிய கேள்விகளே அதிகம். அவற்றுக்குக் கடைசியில் சுருக்கமாகப் பதில் தருகிறேன். மயிலாப்பூரிலிருந்தும் அடையாறிலிருந்தும் வந்த சில கடிதங்கள் வேறொன்றைக் கேட்கின்றன. எழுதியவர்கள் எல்லாருமே முதியவர்கள். “83 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஈழத்துக்காக நிதி கொடுத்தேன். பயங்கரவாத அமைப்புக்கு எப்போதாவது நிதியோ வேறு ஆதரவோ தந்ததுண்டா என்று டி.எஸ்.160 படிவம் கேட்கிறது. என்ன பதில் எழுதுவது?”

இதுவரை இந்த வயதினரில் பலர் நேர்காணலுக்குப் போனதே இல்லை. படிவத்தைப் பிள்ளைகள் நிரப்பினார்கள், அந்தக் கேள்விகளுக்கெல்லாம் ‘இல்லை’ என்று வரிசையாகக் குறித்தார்கள். இனி தேனாம்பேட்டை சிக்னலைத் தாண்டி, ஜெமினி மேம்பாலத்தை ஒட்டியிருக்கும் துணைத் தூதரகத்தின் ஜன்னலுக்கு முன்னால் இவர்களே நின்று, அது உண்மை என்று சத்தியம் செய்ய வேண்டியிருக்கும்.

பத்து ரூபாய் எப்படிப் பயங்கரவாதம் ஆகும்?

அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் ‘பொருள்வகை ஆதரவு’ என்றொரு பிரிவு இருக்கிறது. பயங்கரவாதிகளுக்குப் பணம் போகும் வழியை அடைப்பதற்கானது என்பது அதிகாரிகள் தரும் விளக்கம். சட்டத்தின் வாசகம் அதைவிட வெகுதூரம் போகிறது. பணம், தங்க இடம், போக்குவரத்து, தகவல்தொடர்பு, பயிற்சி எல்லாமே ஆதரவுதான். எவ்வளவு கொடுத்தீர்கள், விரும்பிக் கொடுத்தீர்களா, கழுத்தில் கத்தி வைத்ததால் கொடுத்தீர்களா என்று சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. 1990இல் எல் சால்வடாரில் கெரில்லாக்கள் ஒரு பெண்ணைக் கடத்திப் போனார்கள். அவர் கணவரைக் கண்ணெதிரே கொன்றார்கள். அவரைச் சமைக்கவும் துணி துவைக்கவும் வைத்தார்கள். அந்தச் சமையலும் துவைப்பும் பயங்கரவாதத்துக்கான பொருள்வகை ஆதரவே என்று 2018இல் அமெரிக்கக் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம் தீர்ப்பளித்தது.

இந்த அளவுகோலை இலங்கையின் வன்னியில் வைத்துப் பாருங்கள். விடுதலைப் புலிகளின் ஆட்சியில் கிளிநொச்சியில் கடை வைத்திருந்தவர் வரி கட்டினார். ஓமந்தை வழியாகச் சரக்கு கொண்டுபோனவர் வரி கட்டினார். பிடித்துவைக்கப்பட்ட உறவினரை மீட்கப் பணம் கொடுத்தவர்களும் உண்டு. புலிகளுக்குப் பயந்து ஓடிவந்தவரையே புலிகளின் ஆதரவாளர் என்று சொல்லிப் புகலிடம் மறுக்க இந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மிரட்டலுக்குப் பணிந்து கொடுத்தவர்களுக்கு விதிவிலக்கு தரும் அதிகாரத்தை அமெரிக்க அமைச்சர்கள் 2007இல்தான் பயன்படுத்தத் தொடங்கினார்கள். இன்றும் அது அரசு விரும்பினால் தரும் சலுகை, கேட்டுப் பெறும் உரிமை அல்ல.

“நான் கொடுத்தபோது எந்தத் தடையும் இல்லையே” என்கிறார் ஒரு வாசகர். உண்மைதான். அன்றைய முதல்வர் எம்.ஜி.ஆரே புலிகளுக்கு வெளிப்படையாக உதவினார். இந்தியா அவர்களைத் தடைசெய்தது 1992 மே மாதம், ராஜீவ் காந்தி கொலைக்கு ஓராண்டு கழித்து. அமெரிக்கா 1997 அக்டோபரில் வெளியிட்ட முதல் பயங்கரவாதப் பட்டியலில் புலிகள் இருந்தார்கள். அல்காய்தா அதில் சேர்ந்ததே 1999இல்தான். ஆனால் 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் வந்த பேட்ரியாட் சட்டம், பட்டியலில் இல்லாவிட்டாலும் ஆயுதம் ஏந்திய இரண்டு பேர் கொண்ட குழுவே போதும், அதுவும் பயங்கரவாத அமைப்புதான் என்றது. 2005ஆம் ஆண்டுச் சட்டம், முன்பு நடந்தவற்றுக்கும் இது பொருந்தும் என்று சேர்த்தது. 1997க்கு முந்தைய நன்கொடைக்குச் சட்டத்தில் உரிமையாகக் கிடைக்கும் ஒரே சலுகை, அது ஆயுதக் குழு என்று எனக்குத் தெரியாது, தெரிந்திருக்கவும் வழியில்லை என்று நீங்களே நிரூபிக்கலாம் என்பது. 83இல் சென்னையில் இருந்த யார் அப்படிச் சொல்ல முடியும்?

என்னை மிகவும் தொந்தரவு செய்வது 2004 டிசம்பரில் வந்த உளவுத்துறைச் சீர்திருத்தச் சட்டம். விமானங்களைக் கடத்திய 19 பேரில் பலர் நேர்காணலே இல்லாமல் விசா வாங்கியவர்கள் என்பதால், 14 முதல் 79 வயது வரை நேர்காணல் கட்டாயம் என்றது அந்தச் சட்டம். அதில் நியாயம் இருக்கிறது. தொந்தரவு பட்டியல் விஷயத்தில். அதுவரை ஓர் அமைப்பின் பெயர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படாவிட்டால் பட்டியலிலிருந்து தானாக விழுந்துவிடும். அதே சட்டம் அந்தக் காலக்கெடுவையும் எடுத்துவிட்டது. அரசே நீக்கும்வரை பெயர் இருக்கும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை அரசே மறுபரிசீலனை செய்துகொள்ளும். நம் ஊர் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் கீழ்த் தடை நீடிக்க, குறித்த கால இடைவெளியில் புதிதாக அறிவிக்க வேண்டும், தீர்ப்பாயத்தில் காரணம் சொல்ல வேண்டும். அங்கே மௌனமே போதும்.

யார் பெயர் நீங்குகிறது, யார் பெயர் தங்குகிறது என்று பார்த்தால் இதன் அரசியல் விளங்கும். 2007 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் பத்துக் குழுக்களின் பெயரைச் சொல்லி விலக்கு அளித்தது. பர்மாவின் கரேன், சின் படைகள், திபெத்தின் முஸ்டாங் வீரர்கள், வியட்நாம் போரில் அமெரிக்காவுக்காகச் சண்டையிட்ட ஹ்மாங் மக்கள் அதில் உண்டு. மண்டேலாவின் ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசுக்கு 2008 வரை விடிவு கிடைக்கவில்லை. அல்காய்தாவின் சிரியக் கிளையாகத் தொடங்கிய ஹயாத் தஹ்ரீர் அல்ஷாம் 2025 ஜூலை 8 அன்று பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதன் தலைவராக இருந்தவர் இப்போது சிரியாவின் அதிபர். புலிகள் 2009 மே மாதம் அழிக்கப்பட்டார்கள். அவர்கள் பெயர் இன்னும் இருக்கிறது. பயன் இருந்தால் நீக்குவார்கள் என்பதைத் தவிர வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை.

பொருள்வகை ஆதரவைக் குற்றமாக்கும் சட்டத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனவர்களில் அமெரிக்கத் தமிழ் அமைப்புகளும் உண்டு. சமாதான வழிகளையும் சர்வதேசச் சட்டத்தையும் சொல்லிக்கொடுப்பதுகூடக் குற்றமா என்று கேட்டார்கள். ஆம் என்றது உச்ச நீதிமன்றம், 2010 ஜூன் 21 அன்று, ஆறுக்கு மூன்று என்ற கணக்கில். நல்ல காரியத்துக்குப் போகும் உதவி, அமைப்பின் சொந்தப் பணத்தைத் துப்பாக்கிக்கு மிச்சப்படுத்தித் தருகிறது என்பது வாதம். அப்படியானால் அகதிக் குழந்தைக்கு வாங்கிய பால் பவுடரும் துப்பாக்கிதான். நான் ஏற்கவில்லை.

பயமே பொய் என்று சொல்ல வரவில்லை. 2012 செப்டம்பரில் இதே சென்னைத் துணைத் தூதரகத்தின் மீது கல் வீசப்பட்டது. இதைத் தாக்க வேவு பார்த்ததாக இலங்கையர் ஒருவரை 2014 ஏப்ரலில் தமிழகக் காவல்துறையின் கியூ பிரிவு சென்னையில் கைதுசெய்தது. பாகிஸ்தான் தூதரக அதிகாரி வரை அந்த வழக்கு நீண்டது. அந்த இலங்கையரைப் பிடித்தது நம் போலீஸ். எண்பது வயதுக்காரரிடம் பழைய நன்கொடையைக் கேட்கும் படிவம் அப்படி யாரையும் பிடிக்காது.

அப்படியானால் என்ன எழுதுவது?

முதலில், பணம் யாரிடம் போனது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். மண்டபம் அகதி முகாமுக்கு அரிசி வாங்கியது, அரசின் நிவாரண நிதிக்குக் கொடுத்தது எல்லாம் இதில் வராது. இயக்கத்துக்கு நேராகக் கொடுத்திருந்தால் வரும். சுனாமி சமயத்தில் தமிழர் புனர்வாழ்வுக் கழகத்துக்கு அனுப்பியிருந்தால் அதையும் சொல்லத் தயாராக இருங்கள். 2007 நவம்பரில் அமெரிக்க நிதித்துறை, புலிகளின் முகப்பு அமைப்பு என்று அதை முடக்கியது. பொய் மட்டும் வேண்டாம். தெரிந்தே பொய் சொன்னது தெரியவந்தால் வாழ்நாள் தடை. சுற்றுலா விசா கேட்பவருக்கு விலக்கு தரச் சொல்லித் தூதரக அதிகாரி பரிந்துரைக்க வழி இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன் குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரைப் பாருங்கள்.

கணவர் கொடுத்தார், நான் கொடுக்கவில்லை என்றால்?

கணவன், மனைவி, பெற்றோர் செய்தவை விஷயத்தில் கடந்த ஐந்து ஆண்டுகளை மட்டுமே படிவம் கேட்கிறது.

டிராப்பாக்ஸ் அடியோடு போய்விட்டதா?

இல்லை. முழுக்காலத்துக்கு வழங்கப்பட்ட பி1/பி2 விசா முடிந்து 12 மாதம் ஆகாதவர்கள், அதை வாங்கும்போது 18 வயது நிரம்பியிருந்தால், இன்னும் கேட்கலாம்.

கைக்குழந்தையுமா வர வேண்டும்?

ஆம்.

தமிழில் பேசலாமா?

பேசலாம்.

செல்போன்?

உள்ளே அனுமதி இல்லை.

மறுத்தால் மேல்முறையீடு உண்டா?

இல்லை. மீண்டும் கட்டணம் கட்டிப் புதிதாக விண்ணப்பிக்கலாம்.