இழந்த விரலுக்கு என்ன விலை?

கல்முனைக் கரையோரத்திலே அறுவடைக் காலம் வந்துவிட்டால் நெல் ஆலைகளின் ஓசை ஓய்வதில்லை. அத்தகைய ஆலை ஒன்றிலே, சுழலும் பட்டியில் ஒருவனுடைய கை அகப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கண்ணிமைக்கும் நேரந்தான், வலக்கைப் பெருவிரல் போய்விட்டது. மூடை தூக்கிப் பழகிய கை அன்று முதல் அரைக்கை ஆகிவிட்டது. அவனை நம்பியிருக்கும் மனைவி மக்களுக்கு வழி யாது?

ஆலை முதலாளி அதே ஊரவர், ஒருவேளை உறவினருங்கூட. மருந்துச் செலவைக் கொடுக்கிறார். பெருநாளுக்கு அரிசியும் புடைவையும் அனுப்புகிறார். "இத்தனை நல்ல மனிதரிடம் நட்டஈடு கேட்பதா?" என்று குடும்பம் வாய்மூடி இருந்துவிடுகிறது. பண்புள்ள தயக்கமே அது. ஆயினும் நாட்செல்ல உதவி குறைகிறது; போன விரலோ திரும்பி முளைப்பதில்லை.

உறுப்பிழப்புக்கு ஈடு கேட்பது புதுமையான எண்ணம் அன்று. பிறர் செயலால் விரல் இழந்தவனுக்கு விரல் ஒன்றுக்குப் பத்து ஒட்டகங்கள் என்று இஸ்லாமியச் சட்ட நூலோர் வகுத்தனர். பெருவிரலும் சிறுவிரலும் அங்கே சமம். இந்தியாவில் 1923இல் இயற்றப்பட்ட சட்டமோ உழைக்கும் ஆற்றலையே அளவுகோலாகக் கொண்டது. பெருவிரலை இழந்தால் உழைப்பாற்றலில் நூற்றுக்கு 25 பங்கு போயிற்று என்றும், சுட்டுவிரலுக்கு 10, ஏனைய விரலுக்கு 5 என்றும் அது கணக்கிட்டது.

இலங்கையிலே தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இல் பிறந்தது. வேலையினால், வேலையின்போது நேர்ந்த விபத்தாயின், முதலாளி தவறு செய்தார் என்று தொழிலாளி மெய்ப்பிக்க வேண்டியதில்லை. ஆதலால் நட்டஈடு கேட்பது எவர்மீதும் குற்றஞ்சாட்டுவது ஆகாது. நட்பை முறிப்பதும் ஆகாது. முதலாளியும் இப்பொறுப்புக்காக முன்கூட்டியே காப்புறுதி செய்துகொள்ளலாம். மதுமயக்கத்தால் நேர்ந்த விபத்துக்கும், பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே அகற்றியதால் நேர்ந்த விபத்துக்கும் விதிவிலக்கு உண்டு என்பதையும் தொழிலாளர் மறத்தலாகாது.

நிரந்தர ஊனத்துக்குரிய தொகை, சம்பளத்தையும் இழந்த ஆற்றலின் அளவையும் பொறுத்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதன் உச்ச வரம்பை 20 இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. வீட்டுக்கும் வேலைத்தலத்துக்கும் இடையே போய்வரும் வழியில் நேரும் விபத்தையும் சேர்த்துக்கொண்டது. இது மாதாமாதம் வரும் ஓய்வூதியம் அன்று. ஒருமுறை கிடைக்கும் தொகை. ஆகவே அதனைச் சிந்தித்துச் செலவிடல் வேண்டும். முற்றாகவும் நிரந்தரமாகவும் உழைக்க இயலாதவர், ஊழியர் சேமலாப நிதியில் தம் பெயரிலுள்ள பணத்தையும் பெறலாம். அது வேறு; இது வேறு.

காலம் இங்கே பெரிய பகை. விபத்தை இயன்றவரை விரைவில் முதலாளிக்கு எழுத்திலே அறிவிக்க வேண்டும். கோரிக்கையை இரண்டு ஆண்டுகளுக்குள் தொழிலாளர் நட்டஈட்டு ஆணையாளரிடம் சமர்ப்பிக்க வேண்டும். பெருநாள் அரிசியை நம்பிக் காத்திருக்கும் குடும்பம் இழப்பது இந்தத் தவணையையே.

கரைவலை இழுத்துப் பங்கு பெறுபவனுக்கும், மருதமுனையிலே தன் வீட்டுத் தறியில் தானே நெய்பவனுக்கும் முதலாளி யார்? சட்டத்தின் கை அவர்களை எளிதில் எட்டுவதில்லை. 1987இல் உழவருக்கும் 1990இல் மீனவருக்கும் ஓய்வூதியச் சட்டங்கள் இயற்றப்பட்டமை இக்குறையை ஓரளவு உணர்ந்தே எனலாம். ஆயினும் முழுப் பாதுகாப்பு இன்னும் தொலைவிலேதான் உள்ளது.

மாணவச் செல்வங்களே! உங்கள் தந்தையோ அயலவரோ வேலைத்தலத்தில் காயமுற்றால், அன்றைய தேதியையும் இடத்தையும் கண்ட சாட்சியையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். வைத்தியசாலைத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் கற்ற எழுத்து ஒரு குடும்பத்தின் அடுப்பை அணையாமற் காக்குமாயின், கல்விக்கு அதனினும் சிறந்த பயன் வேறு யாது?