ஏலத்துக்கு வந்த தோட்டங்கள்!
குப்பை மேட்டில் தக்காளி விளைவித்த நியூயார்க் ஏழைகளின் போராட்டம்

நிலத்தின் விலை வானத்தைத் தொடும் ஊர் நியூயார்க். அங்கே நான்கு பேர் நின்று பேசும் அளவு இடம் வாங்குவதற்கும் பெரும் பணம் வேண்டும்.

அப்படிப்பட்ட ஊரின் நடுவே தக்காளி காய்க்கிறது. மிளகாய் பழுக்கிறது. கோழிகள் மேய்கின்றன. தாத்தாக்கள் மர நிழலில் உட்கார்ந்து டோமினோ விளையாடுகிறார்கள். இரண்டு பக்கமும் ஆறு மாடிக் கட்டடங்கள். நடுவில் ஒரு சின்னஞ்சிறு தோட்டம்!

இந்தத் தோட்டங்களை முதலில் போட்டது அரசாங்கம் அல்ல. பணக்காரர்களும் அல்ல. அந்தந்தத் தெருவில் வாடகைக்குக் குடியிருந்தவர்கள்தான். அவர்கள் வியர்வை சிந்தி உண்டாக்கிய தோட்டங்கள் ஒருநாள் ஏலத்துக்கு வந்தன. அப்போது நடந்த போராட்டம் அமெரிக்கா முழுவதையும் திரும்பிப் பார்க்க வைத்தது.

தீ வைத்த சொந்தக்காரர்கள்

நியூயார்க்கின் நடு நாயகமாக இருப்பது மன்ஹாட்டன் தீவு. அதன் தெற்கே, கிழக்கு ஓரமாக ஒரு பேட்டை இருக்கிறது. "லோயர் ஈஸ்ட் சைட்" என்று அதற்குப் பெயர். பிழைப்புத் தேடிக் கப்பல் ஏறி வந்த ஏழைகள் முதன் முதலில் குடியேறிய இடம் அது. யூதர்கள் வந்தார்கள். இத்தாலியர்கள் வந்தார்கள். பிறகு போர்ட்டோ ரிக்கோ தீவின் மக்கள் வந்தார்கள்.

1970-ம் ஆண்டுகளில் நியூயார்க் நகருக்குப் பெரிய பணமுடை ஏற்பட்டது. 1975-ல் நகரமே திவால் ஆகிவிடும் போல் இருந்தது. தொழிற்சாலைகள் மூடப்பட்டன. வேலை போயிற்று. வசதி உள்ளவர்கள் வெளியூர் போய்விட்டார்கள்.

பழைய அடுக்கு வீடுகளின் சொந்தக்காரர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். வரும் வாடகை, வரி கட்டவும் பழுது பார்க்கவும் போதவில்லை. வரி கட்டுவதை நிறுத்தினார்கள். வீடுகளை அப்படியே போட்டுவிட்டுப் போனார்கள். இன்ஷூரன்ஸ் பணத்துக்கு ஆசைப்பட்டுத் தம் கட்டடத்துக்குத் தாமே தீ வைத்தவர்களும் உண்டு!

வரி பாக்கிக்காக அந்த வீடுகளை நகராட்சி எடுத்துக்கொண்டது. இடிந்து விழும் நிலையில் இருந்தவற்றை இடித்துத் தள்ளியது. ஆனால் புதிய வீடு கட்டப் பணம் இல்லை. தெருவுக்குத் தெரு காலி மனைகள் கிடந்தன. உடைந்த செங்கல், பழைய மெத்தை, துருப்பிடித்த கார், எலி, பெருச்சாளி! போதை மருந்து விற்பவர்களுக்கு அந்த இடங்கள் நல்ல மறைவாகிவிட்டன.

"நீயே செய்யேன்!"

அந்தப் பேட்டையில் லிஸ் கிறிஸ்டி என்ற பெண்மணி வசித்தார். அவர் ஓர் ஓவியர். 1973-ல் அவர் ஒரு குப்பை மனையைக் கடந்து போனார். அங்கே யாரோ எறிந்துவிட்டுப் போன ரெப்ரிஜிரேட்டர் பெட்டிக்குள் ஒரு சிறுவன் விளையாடிக்கொண்டிருந்தான். கதவு மூடிக்கொண்டால் பிள்ளையின் கதி என்ன?

லிஸ் பதறிப்போய்ச் சிறுவனின் தாயிடம் சொன்னார். "எனக்கு வேலை இருக்கிறது. ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தால் நீயே செய்யேன்" என்கிற பாவனையில் அந்தத் தாய் பதில் சொன்னாளாம். இதைப் பின்னாளில் சொன்னவர் லிஸ்ஸுடன் உழைத்த தோழர்.

லிஸ் கோபப்படவில்லை. நண்பர்களைச் சேர்த்தார். பௌவரி, ஹூஸ்டன் என்ற இரண்டு தெருக்கள் சந்திக்கும் முனையில் ஒரு காலி மனை இருந்தது. பௌவரி தெரு அந்தக் காலத்தில் குடிகாரர்களுக்கும் வீடு வாசல் இல்லாதவர்களுக்கும் பேர்போன தெரு. அந்த மனையில் மண்வெட்டியோடு இறங்கினார்கள். குப்பையை அள்ளினார்கள். நல்ல மண்ணைக் கொண்டுவந்து கொட்டினார்கள். வேலி போட்டார்கள்.

"இது நகராட்சி இடம். அத்துமீறி நுழைந்தது குற்றம்" என்று அதிகாரிகள் வந்தார்கள். ஆனால் செய்தி பத்திரிகையில் வெளிவந்தது. குப்பை அள்ளியவர்களை எப்படித் தண்டிப்பது? அதிகாரிகள் இறங்கி வந்தார்கள். 1974 ஏப்ரலில் அந்த மனை தோட்டத்துக்காக வாடகைக்கு விடப்பட்டது. வாடகை எவ்வளவு தெரியுமா? மாதம் ஒரு டாலர்!

விதை குண்டு

லிஸ்ஸும் தோழர்களும் தங்கள் கூட்டத்துக்குப் "பசுமைக் கொரில்லாக்கள்" என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். கொரில்லாப் படை என்றால் மறைந்திருந்து தாக்கும் படை. இவர்களும் குண்டு வீசினார்கள். ஆனால் அது விதை குண்டு!

பலூனுக்குள்ளும் மெல்லிய கண்ணாடி உருண்டைக்குள்ளும் விதையையும் எருவையும் ஈரத்தோடு அடைப்பார்கள். பூட்டிக் கிடக்கும் மனைகளின் வேலிக்கு மேலே வீசுவார்கள். உருண்டை உடையும். மழை பெய்தால் விதை முளைக்கும். சில வாரங்களில் குப்பைக்கு நடுவே பூ எட்டிப் பார்க்கும். பெரிய சாலைகளின் நடுத்திட்டில் சூரியகாந்தி விதைத்தார்கள். பாழ் வீடுகளின் ஜன்னல்களில் பூந்தொட்டி வைத்தார்கள்.

பௌவரி தோட்டத்தில் 60 பாத்திகள் போட்டார்கள். அவை தரையில் வெட்டிய பாத்திகள் அல்ல. பலகை அடித்து, உயரமாக மண் நிரப்பிய பாத்திகள். அதற்குத் தக்க காரணம் இருந்தது. பழைய வீடுகளின் பெயிண்டில் ஈயம் கலந்திருந்தது. வீடு இடிந்தபோது அந்த ஈயம் மண்ணில் கலந்துவிட்டது. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் நஞ்சு. ஆகவே நல்ல மண்ணை வெளியிலிருந்து கொண்டுவந்து, உயரத்தில் பயிர் செய்வதே பாதுகாப்பு.

ஒரு தோட்டத்தைப் பார்த்து அடுத்த தெருவார் கேட்டார்கள். லிஸ்ஸின் குழு செடியும் கொடுத்தது, வேலையும் கற்றுக்கொடுத்தது. தோட்டங்கள் பெருகின. 1978-ல் நகராட்சியே "கிரீன் தம்" என்ற திட்டத்தை ஏற்படுத்தியது. இந்தத் தோட்டங்களுக்குக் குத்தகைச் சீட்டும், பலகை, மண், கருவிகள் முதலிய உதவியும் அத்திட்டத்தின் மூலம் கிடைத்தன.

லிஸ் கிறிஸ்டி 1985-ல் காலமானார். அடுத்த ஆண்டு அந்த முதல் தோட்டத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

தெருவுக்கு ஒரு முற்றம்

தோட்டத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பாத்தி. பொது இடத்தை எல்லோரும் சேர்ந்து பெருக்க வேண்டும். காய்கறிக் கழிவையும் உதிர்ந்த இலையையும் மக்க வைத்து எரு செய்வார்கள். சண்டை வந்தால் கூட்டம் போட்டுப் பேசித் தீர்ப்பார்கள்.

போர்ட்டோ ரிக்கோ மக்கள் தங்கள் ஊர் வழக்கப்படி தோட்டத்துக்குள் ஒரு சிறு மரவீடு கட்டினார்கள். அதற்கு "காசிட்டா" என்று பெயர். பளிச்சென்று வர்ணம் பூசினார்கள். கல்யாண விருந்தும் பிறந்தநாள் விழாவும் அங்கேயே நடந்தன. காற்று நுழையாத சிறிய அறைகளில் வாழ்ந்தவர்களுக்குத் தோட்டம்தான் முற்றம். கோடையில் கட்டடங்கள் அனலாய்க் கொதிக்கும்போது மர நிழலுக்குத்தான் எல்லோரும் வருவார்கள்.

ஊருக்கும் இதில் லாபம் உண்டு. நியூயார்க்கின் பெரும்பகுதியில் மழை நீரும் சாக்கடை நீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. பெருமழை பெய்தால் குழாய் நிரம்பி, அழுக்கு நீர் ஆற்றில் கலந்துவிடும். சிமெண்ட் தரையில் விழும் மழை முழுவதும் குழாய்க்குத்தான் போகும். தோட்டத்தில் விழும் மழையை மண் குடித்துவிடும்.

75 நிமிஷத்தில் போன ஏதேன் தோட்டம்

எல்லாத் தோட்டங்களுக்கும் நல்ல காலம் பிறக்கவில்லை. எல்ட்ரிட்ஜ் தெருவில் ஒருவர் இருந்தார். உடை ஊதா நிறம். அதனால் "ஆடம் பர்ப்பிள்" என்று பெயர். பர்ப்பிள் என்றால் ஊதா. அவர் தனி ஆளாக இடிந்த வீடுகளின் செங்கல்லைப் பெயர்த்தார். சென்ட்ரல் பார்க் பூங்காவில் குதிரை வண்டிகள் ஓடும். அவர் சைக்கிளில் போய்க் குதிரைச் சாணத்தை அள்ளிவந்து எருவாக்கினார். வட்டத்துக்குள் வட்டமாகப் பாத்தி அமைத்தார். அதற்கு "ஏதேன் தோட்டம்" என்று பெயரிட்டார். அது 15,000 சதுர அடிக்கு வளர்ந்தது. நம் கணக்கில் சுமார் 34 சென்ட்.

அந்த இடத்தில் ஏழைகளுக்கு வீடு கட்ட நகராட்சி முடிவு செய்தது. 1986 ஜனவரி 8-ந் தேதி இயந்திரங்கள் வந்தன. பத்து வருஷ உழைப்பு 75 நிமிஷத்தில் தரைமட்டமாயிற்று!

வீடு முக்கியமா, தோட்டம் முக்கியமா? இந்தக் கேள்வி அன்றே எழுந்துவிட்டது.

ஏல மண்டபத்தில் பூச்சிப் படை!

1990-ம் ஆண்டுகளில் காலம் மாறியது. நகரத்துக்குப் பணம் வந்தது. லோயர் ஈஸ்ட் சைடில் குடியிருக்கப் பணக்காரர்களும் போட்டி போட்டார்கள். மனை விலை ஏறியது. பேட்டை அழகானதற்குத் தோட்டங்களும் ஒரு காரணம். அந்த அழகே தோட்டங்களுக்கு எமனாக வந்தது! வாடகையும் ஏறியது. பாடுபட்ட ஏழைகளே ஊரைவிட்டுப் போக வேண்டிய நிலை.

அப்போது மேயராக இருந்தவர் ரூடால்ப் கியுலியானி. நகராட்சி மனைகளை விற்க அவர் முடிவு செய்தார். குத்தகைச் சீட்டில் "நகராட்சி கேட்டால் திருப்பித் தர வேண்டும்" என்ற நிபந்தனை இருந்தது. சட்டம் அவர் பக்கம் போல் தோன்றியது.

1998-ல் போலீஸ் தலைமை அலுவலகக் கட்டடத்தில் ஓர் ஏலம் நடந்தது. திடீரென்று கூச்சல் எழுந்தது. தோட்டக்காரர்களின் தோழர்கள் ஆயிரக்கணக்கான சிள்வண்டுகளை உள்ளே திறந்து விட்டுவிட்டார்கள்! பூச்சிகள் காலில் ஏறின. மடியில் தாவின. ஏலம் கேட்க வந்தவர்கள் நாற்காலி மேல் ஏறினார்கள்.

1999 மே மாதம் 114 தோட்டங்களை ஒரே ஏலத்தில் விற்க நாள் குறித்தார்கள். எதிர்ப்புத் தெரிவித்தவர்களிடம், பொதுவுடைமைக் காலம் மலையேறிவிட்டது, இது சந்தைக் காலம் என்கிற கருத்தில் மேயர் பேசினார். வீடு இல்லாதவர்களுக்கு வீடு வேண்டாமா என்றும் அவர் தரப்பில் கேட்டார்கள்.

தோட்டக்காரர்களின் பதில் என்ன? "எங்களுக்கும் வீடு வேண்டும். ஊரில் ஆயிரக்கணக்கான காலி மனைகள் இருக்கின்றன. அங்கே கட்டுங்கள். ஏலத்தில் எடுப்பவர் ஏழைக்கா வீடு கட்டப்போகிறார்?" என்று கேட்டார்கள். ஊர்வலம் போனார்கள். சாலையில் உட்கார்ந்து கைதானார்கள். ஒருவர் சூரியகாந்திப் பூவைப் போல் வேஷம் போட்டு, நகர மண்டபத்துக்கு அருகே மரத்தில் ஏறிக்கொண்டார்!

ஏலத்துக்கு முதல் நாள் ஒரு திருப்பம் ஏற்பட்டது. பெட் மிட்லர் என்ற புகழ்பெற்ற பாடகி, நடிகை. நகரத்தின் பூங்காக்களைச் சீராக்க அவர் ஒரு சங்கம் நடத்திவந்தார். அந்தச் சங்கமும், பொது நிலங்களைக் காக்கும் ஓர் அறக்கட்டளையும் சேர்ந்து 42 லட்சம் டாலர் கொடுத்தன. 114 தோட்டங்களும் காப்பாற்றப்பட்டன!

தவளையின் காவல்

ஆனால் அந்தப் பட்டியலில் இல்லாத தோட்டங்களும் இருந்தன. ஏழாவது கிழக்குத் தெருவில் ஒன்று. பெயர் "எஸ்பெரான்சா". ஸ்பானிய மொழியில் "நம்பிக்கை" என்று பொருள். ஒரு போர்ட்டோ ரிக்கோக் குடும்பம் இருபது வருஷத்துக்கு மேல் வளர்த்த தோட்டம் அது. அங்கே அடுக்கு வீடு கட்ட மனை விற்கப்பட்டது.

போர்ட்டோ ரிக்கோவில் "கோக்கி" என்று ஒரு சிறு தவளை உண்டு. தன் உடலைவிடப் பல மடங்கு பெரிய குரல் எழுப்பும். அந்தத் தவளையைப் போல் ஒரு பெரிய உருவத்தைத் தோட்டத்துக்கு முன்னால் கட்டினார்கள். குளிர்காலத்தில் பனி கொட்டும்போது, இளைஞர்கள் அதற்குள் இரவு பகலாகக் காவல் இருந்தார்கள்.

2000-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி போலீசார் வந்தார்கள். தோட்டத்தில் சங்கிலியால் தங்களைப் பிணைத்துக்கொண்டு பலர் கிடந்தார்கள். சங்கிலியை அறுத்தார்கள். 30-க்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். புல்டோசர் உள்ளே நுழைந்தது. தவளை நொறுங்கியது. தோட்டம் அழிந்தது.

அன்றே ஒரு நீதிபதி மற்றத் தோட்டங்களை அழிக்கக் கூடாது என்று தடை விதித்தார். மாநில அரசின் தலைமை வழக்கறிஞர் எலியட் ஸ்பிட்சர் தொடுத்த வழக்கு அது. பல ஆண்டுகளாகப் பொதுமக்கள் பூங்காவாகப் பயன்படுத்திய இடத்தை, ஆராய்ந்து பார்க்காமல் விற்க முடியாது என்பது அவர் வாதம். எஸ்பெரான்சாவுக்கு மட்டும் அந்தத் தடை சில மணி நேரம் தாமதமாக வந்தது.

2002-ல் புதிய மேயர் மைக்கேல் புளூம்பெர்க் காலத்தில் சமரசம் ஏற்பட்டது. சுமார் 400 தோட்டங்கள் காக்கப்பட்டன. மற்றச் சில மனைகளில் வீடு கட்ட அனுமதி கிடைத்தது. இரு தரப்பும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தன.

கதவு திறந்திருக்கிறது

இன்று நியூயார்க் நகரில் "கிரீன் தம்" திட்டத்தில் 550-க்கும் மேற்பட்ட தோட்டங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு ஒரு விதி உண்டு. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வாரத்துக்கு 20 மணி நேரமாவது பொதுமக்களுக்குக் கதவைத் திறந்து வைக்க வேண்டும். பூட்டி வைத்து நாலு பேர் மட்டும் அனுபவித்தால் அது பொதுத் தோட்டம் ஆகாது அல்லவா?

வீடு கேட்கும் குரல் இன்னும் ஓயவில்லை. அதிலும் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு மனையிலும் எது வேண்டும் என்பதை அங்கே வாழ்பவர்களைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தப் பேட்டை ஏழைகள் கேட்டதும் அதைத்தான்.

பௌவரி தெரு முனையில் லிஸ் கிறிஸ்டி தோட்டம் இன்றும் இருக்கிறது. ஆரம்ப நாட்களில் நட்ட கன்றுகள் நெடிய மரங்களாகிவிட்டன. "நீயே செய்யேன்" என்று ஒரு தாய் அலுப்போடு சொன்ன சொல்லை ஒரு பெண் மெய்யாகவே எடுத்துக்கொண்டாள். அந்தச் சொல்லின் நிழலில்தான் இன்று ஊர்க் குழந்தைகள் விளையாடுகிறார்கள்.