அலமாரியில் தூங்கும் லேப்டாப்புக்கு ஒரு வேலை

பீங்கான் தொழிலுக்குப் பேர்போன விருத்தாசலத்திலும், தமிழ்நாட்டின் மற்ற ஊர்களைப் போலவே, அரசு மாணவர்களுக்குத் தந்த விலையில்லா மடிக்கணினிகள் அலமாரிகளில் தூங்குகின்றன. 2011-இல் தொடங்கிய அத்திட்டத்தின் கணினிகளில் விண்டோஸுடன் 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. டெபியனை அடிப்படையாக வைத்து சென்னை சி-டாக் உருவாக்கிய இயங்குதளம் அது. அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமலே படிப்பை முடித்தவர்களும் உண்டு.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-ஓ பழைய கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை.

அவற்றுக்கு லினக்ஸ் ஒரு வழி; அதற்குப் புதிதாக வருபவருக்கு லினக்ஸ் மின்ட் பொருத்தம். மூலையில் மெனு, கீழே பட்டை என்று விண்டோஸ் பழக்கமே கைகொடுக்கும். லிப்ரே ஆபீஸ் கூடவே வரும். தமிழ்99 விசைப்பலகையும் சேர்த்துக்கொள்ளலாம். ரேம் 2 ஜிபி இருந்தாலே ஓடும் என்கிறார்கள். 4 ஜிபி இருந்தால்தான் நிம்மதி. குறைவென்றால் மின்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. பென்டிரைவிலிருந்தே, கணினியில் நிறுவாமல், வைஃபையும் பிரின்டரும் வேலை செய்கின்றனவா என்று ஓட்டிப் பார்த்துவிடலாம். இந்த வசதிக்கே தனி மதிப்பெண் தரலாம்.

பெரிய முட்டுக்கட்டை, கணக்கு மென்பொருளான டாலி. அது விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. அதில் கணக்கு வைக்கும் பீங்கான் பட்டறைக்காரர் விண்டோஸை அழிக்க வேண்டாம். பிள்ளைகளின் படிப்புக்கும் இணையத்துக்கும் மின்ட் தாராளம். நிறுவுமுன் படங்களையும் கோப்புகளையும் வேறிடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.