முகத்தில் தெரியாத விவேகம்

செனட் தேர்தலில் எதிரெதிராக நின்ற இருவரின் புகைப்படங்கள் திரையில் தோன்றி, ஒரே நொடியில் மறைகின்றன. பெயர் இல்லை, கட்சி இல்லை. ‘இருவரில் திறமைசாலி யார்?’ இதுதான் கேள்வி. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் அலெக்சாண்டர் டோடோரோவும் அவரது குழுவினரும் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்வு இது. வேட்பாளரை முன்பே தெரிந்தவர்களின் பதில்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. அப்படியிருந்தும், பார்த்தவர்கள் கைகாட்டிய முகங்களே ஏறத்தாழ 70 சதவீதப் போட்டிகளில் வென்றிருந்தன.

2009இல் ஜான் அன்டோனாகிஸ் வெளியிட்ட ஆய்வு இதைவிடத் திகைப்பூட்டுவது. சுவிட்சர்லாந்தில் 5 முதல் 13 வயதுள்ள பிள்ளைகளைக் கணினியில் ஒரு கப்பல் பயண விளையாட்டு ஆடவிட்டு, ‘இந்த இருவரில் உன் கப்பலுக்கு யார் கேப்டன்?’ என்று கேட்டார்கள். படத்தில் இருந்தவர்கள் 2002 பிரெஞ்சு நாடாளுமன்றத் தேர்தலில் மோதியவர்கள். பெரியவர்கள் கணித்த அளவுக்கே பிள்ளைகளும் வென்றவர்களைச் சரியாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஓட்டுப்போடும் வயது வந்த பிறகும் நமக்குள் அந்தக் கப்பல் விளையாட்டு ஓயவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதிபர் தேர்தலில் இந்தச் சோதனையை இப்படியே செய்ய முடியாது. அந்த முகங்கள் ஊருக்கே தெரியும். ஆனால் 1960 செப்டம்பர் 26 அன்று சிகாகோ தொலைக்காட்சி நிலையத்தில் அதிபர் வேட்பாளர்கள் ஜான் கென்னடியும் ரிச்சர்ட் நிக்ஸனும் நடத்திய விவாதம் நம்மிடம் படமாகவே இருக்கிறது. முழங்கால் தொற்றால் மருத்துவமனையில் கிடந்து, உடல் இளைத்து, வெளிறிப்போய் வந்திருந்தார் நிக்ஸன். கென்னடியோ வெயிலில் பழுத்த நிறத்தோடு பளிச்சென்று நின்றார். பின்னாளில் ஜேம்ஸ் ட்ரக்மன் என்ற அரசியல் அறிஞர், அந்த விவாதம் பற்றி அதிகம் அறியாதவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அதைப் படத்தோடும் இன்னொரு பிரிவுக்கு ஒலியாக மட்டும் கொடுத்துச் சோதித்தார். படம் பார்த்தவர்களிடம் கென்னடிதான் வென்றார் என்ற எண்ணம் கூடுதலாக இருந்தது. ஆள் எப்படிப்பட்டவர் என்ற மனப்பதிவுக்கும் அவர்கள் அதிக இடம் கொடுத்தார்கள்.

அந்தத் தேர்தலில் வென்று அதிபரான கென்னடியின் விவேகம் எப்படி இருந்தது? பதவியேற்று மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், 1961 ஏப்ரலில், கியூபாவின் பிக்ஸ் விரிகுடாவில் சுமார் 1,400 பேர் கொண்ட படையை இறக்கும் திட்டத்துக்குச் சம்மதித்தார். அது படுதோல்வி; ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சிறைபிடிக்கப்பட்டார்கள். அத்திட்டத்தில் ஆலோசகர் ஆர்தர் ஷ்லெசிங்கருக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் கூடிப் பேசிய அறையில் அவர் வாய் திறக்கவில்லை.

அடுத்த ஆண்டு அக்டோபரில், கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பதைக் காட்டும் உளவு விமானப் படங்கள் அதே மனிதரின் மேசைக்கு வந்தன. இம்முறை பேசும் முறையையே மாற்றினார். தான் இருந்தால் மற்றவர்கள் மனம்விட்டுப் பேசமாட்டார்கள் என்று சில கூட்டங்களுக்குப் போகவே இல்லை. ஒவ்வொரு யோசனையிலும் ஓட்டை தேட ஆட்கள் இருந்தார்கள். குண்டுவீச வேண்டும் என்று தளபதிகள் நெருக்கியபோதும் கடல்வழியை மறிப்பதையே தேர்ந்தெடுத்தார். ஏவுகணைகள் திரும்பிப் போயின. அப்போது கியூபாவில் போர்க்களத்தில் பயன்படுத்தும் சிறிய அணு ஆயுதங்களும் இருந்தன என்பது அமெரிக்கர்களுக்கு 1992இல்தான் தெரியவந்தது. படை இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நெஞ்சு பதறுகிறது.

உளவியலாளர் இர்விங் ஜானிஸ் 1972இல் இந்த இரு முடிவுகளையும் அருகருகே வைத்து ஆராய்ந்தார். சுற்றியிருந்தவர்களில் பலர் இரண்டு முறையும் அதே ஆட்கள்தான். மறுத்துப் பேச இடம் இருந்ததா என்பதில்தான் வேறுபாடு. அதனால்தான் ஒரு வேட்பாளரிடம் நான் முதலில் தேடுவது இதைத்தான்: இவரிடம் ‘முடியாது’ என்று சொன்ன உதவியாளர்கள் யார், அதன்பின் அவர்கள் என்ன ஆனார்கள்? ஆளுநராகவோ செனட்டராகவோ இருந்த ஒருவரைப் பற்றி இதை விசாரித்து அறிவது சாத்தியமே.

1960இல் மோதிய இருவருமே பின்னர் வெள்ளை மாளிகையில் தங்கள் பேச்சை ரகசியமாக ஒலிப்பதிவு செய்தார்கள். கென்னடியின் நாடாக்களில், தளபதிகளின் வாதத்தைக் கேட்டு அவர் திருப்பிக் கேள்வி கேட்பது பதிவாகியிருக்கிறது. 1972 ஜூன் 23 அன்று பதிவான நிக்ஸனின் நாடாவில், வாட்டர்கேட் ஊழல் விசாரணையைத் தடுக்க உளவுத்துறையைப் பயன்படுத்தும் யோசனைக்கு அவர் சம்மதிப்பது கேட்கிறது. 1974 ஆகஸ்ட் 5 அன்று அது வெளியானது; நான்கே நாளில் அவர் பதவி விலகினார்.