வண்டிக்கும் வீட்டுக்கும் பொருத்தம் பார்த்தல்

அமெரிக்க நாவலாசிரியர் ஜோன் ஸ்டைன்பெக், 1960 ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்திலே, தமது 58 ஆவது வயதில், தம் நாட்டைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டார். உடன் சார்லி என்னும் நாயும் சென்றது. முக்கால் தொன் பிக்கப் வண்டியொன்றின் சுமைத்தட்டில், படகின் அறை போன்ற ஒரு சிறு வீட்டை ஏற்றி, ஊர் ஊராகச் சென்றார். அந்த வண்டிக்கு, டொன் கிஹோட்டேயின் குதிரையின் பெயரான ரொசினாந்தே என்பதையே சூட்டினார். அப்பிரயாணத்தைப் பற்றிய அவரது நூல் 1962 இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே நோபல் பரிசும் அவரைத் தேடி வந்தது.

வண்டியின் முதுகில் ஏற்றி இறக்கக்கூடிய இத்தகைய வீட்டைக் கேம்பர் என்பர். அமெரிக்காவிலும் கனடாவிலும் விடுமுறை நாட்களை மலைச்சாரல்களிலும் ஏரிக்கரைகளிலும் கழிக்க விரும்பும் குடும்பங்கள் பல இதனை நாடுகின்றன. நம்மவர் பெருந்தொகையாகக் குடியேறியுள்ள கனடாவிலிருந்து வரும் புகைப்படங்களில் இதனைக் கண்ட வாசகர்களும் இருக்கலாம்.

ஸ்டைன்பெக் தமக்கு வேண்டியதைச் சொல்லி, வண்டியையும் வீட்டையும் புதிதாகவே பெற்றுக்கொண்டார். சிக்கனம் கருதிப் பழையவற்றை வாங்குவோரின் நிலை வேறு. வண்டி ஒருவரிடம் இருக்கும்; கேம்பர் இன்னொருவரிடம் இருக்கும். ஒன்றையொன்று அறியாத இவ்விரண்டையும் சேர்த்துவைப்பது ஏறக்குறையக் கலியாணப் பொருத்தம் பார்ப்பது போன்றதே. தனித்தனியே பார்த்தால் இரண்டும் நல்லவையாக இருக்கலாம். ஆயினும் பொருத்தம் பிழைத்துவிட்டால், மலைச்சாலையின் இறக்கத்திலே பிறேக் பிடிபடாமலும் டயர் வெடித்தும் குடும்பம் முழுவதும் ஆபத்துக்குள்ளாகும்.

முதற் பொருத்தம் நிறை

அங்கே பிக்கப் வண்டிகளை அரைத் தொன், முக்கால் தொன், ஒரு தொன் என மூவகையாக வழங்குவர். இவை பழைய காலத்திலிருந்து வரும் வெறும் பெயர்களே. உண்மையான சுமையளவு வண்டிக்கு வண்டி வேறுபடும். ஆகவே பெயரை நம்பாமல், சாரதியின் கதவைத் திறந்து அங்கு ஒட்டப்பட்டுள்ள சீட்டைப் படிக்க வேண்டும். ஏறுவோரும் பொருள்களும் சேர்ந்து எவ்வளவு நிறையைத் தாண்டலாகாது என்பது, அண்மைக்கால வண்டிகள் பலவற்றில் கிலோவிலும் இறாத்தலிலும் அச்சிடப்பட்டிருக்கும்.

ஓர் உதாரணக் கணக்கைப் பார்ப்போம். ஒரு வண்டியின் சீட்டில் 1,150 கிலோ என்றிருக்கிறது. விற்பனைக்கு வந்த கேம்பரின் விளம்பரத்தில் அதன் நிறை 900 கிலோ என்றிருக்கிறது. இன்னும் 250 கிலோ மிஞ்சுகிறதே என்று மனம் மகிழும். ஆனால் விளம்பரம் கூறுவது பெரும்பாலும் வெறும் வீட்டின் நிறையையே. அதன் தாங்கியில் 110 லீற்றர் தண்ணீர் நிரப்பினால் 110 கிலோ கூடும். எரிவாயுச் சிலிண்டர்களுக்கும் பற்றரிக்கும் 60 கிலோ. உணவு, உடை, பாத்திரம், படுக்கை யாவற்றுக்கும் 130 கிலோ. தாய், தந்தை, இரு பிள்ளைகளுக்கு 240 கிலோ. கூட்டிப் பார்த்தால் 1,440 கிலோ ஆகிறது. வண்டி தாங்கக்கூடியதிலும் 290 கிலோ அதிகம்!

மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டி தாங்காது என்று வள்ளுவர் அன்றே எச்சரித்தார் அன்றோ? கட்டை வண்டிக்குச் சொன்ன அந்த உண்மை இயந்திர வண்டிக்கும் அப்படியே பொருந்துகிறது.

பழைய வண்டியில் இன்னொரு சிக்கலும் உண்டு. முன்னைய சொந்தக்காரர் பூட்டிய இரும்புத் தடுப்பும் கருவிப் பெட்டியும் அந்தச் சீட்டின் கணக்கில் அடங்கா. ஆகவே எரிபொருளை முழுமையாக நிரப்பி, குடும்பத்தாரும் ஏறியிருக்க, பாரவண்டிகளை நிறுக்கும் தராசு மேடையில் வண்டியை ஒருமுறை நிறுத்துப் பார்ப்பதே உத்தமம். வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த நிறையிலிருந்து அதனைக் கழித்தால் வரும் மீதியே, கேம்பருக்கும் அதனுள் வைக்கும் பொருள்களுக்கும் உரிய பங்கு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனி எல்லைகள் உண்டு என்பதையும் மறக்கலாகாது.

வில்லுகளைக் கூட்டினாலோ காற்றுப்பைகளைப் பொருத்தினாலோ போதும் என்று சிலர் ஆலோசனை கூறுவர். அவற்றால் தாழ்ந்த பின்புறம் நிமிரும். ஆட்டமும் ஓரளவு குறையும். ஆனால் அச்சும் பிறேக்கும் சட்டகமும் பழையபடியே இருப்பதால், அனுமதிக்கப்பட்ட நிறை ஒரு கிலோவேனும் கூடாது.

இரண்டாம் பொருத்தம் இடம்

நிறை பொருந்தினாலும் அது விழும் இடம் பொருந்த வேண்டும். பாடசாலையில் ஈர்வை மையம் பற்றிக் கற்ற மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கேம்பரின் ஈர்வை மையம் பின் அச்சுக்குச் சற்று முன்னே அமைய வேண்டும். அது அச்சுக்குப் பின்னே சென்றால், சீசோப் பலகையின் ஒரு முனையில் அமர்ந்தாற்போல முன்புறம் மேலெழும்ப முயலும். முன்சக்கரங்கள் தெருவை அழுத்திப் பிடிக்காதபோது திருப்பும் வளையத்துக்கு வண்டி சரியாகக் கீழ்ப்படியாது. சுமையின் மையம் எந்த எல்லைக்குள் அமையலாம் என்பதை வண்டி செய்வோரும், தண்ணீரும் எரிவாயுவும் சேர்ந்த நிறையைக் கேம்பர் செய்வோரும் அறிவிக்க வேண்டுமென்பது அமெரிக்க விதி. பழையதை வாங்கும்போது இவ்விவரங்களைக் கேட்டுப் பெறுவது நன்று.

சுமைத்தட்டுகளில் ஏறக்குறைய 6½ அடியும் 8 அடியும் நீளமானவை பெருவழக்கு. 8 அடித் தட்டுக்கென அமைந்த கேம்பரைக் குறுகிய தட்டில் ஏற்றினால், அது பின்னே நீண்டு, மையத்தையும் பின்னே இழுத்துவிடும். வண்டியின் கூரைக்கும் அதன் மேலே நீளும் படுக்கையறைக்கும் இடையே போதிய இடைவெளி இருக்கிறதா என்பதையும் அளந்து பார்க்க வேண்டும்.

மூன்றாம் பொருத்தம் உடல்நலம்

கேம்பரின் பெரும்பகை மழைநீர். மரச்சட்டங்களால் ஆன பழைய கேம்பர்களில், கூரையின் ஒரு சிறு வெடிப்பு வழியாகப் புகும் நீர் வெளியே தெரியாமல் உள்ளே உளுக்கச் செய்யும். மூலைகளையும் சாளர ஓரங்களையும் மேற்படுக்கையின் அடிப்பாகத்தையும் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். மெத்தென்று அமிழ்ந்தாலும், பூஞ்சண நாற்றம் வீசினாலும், விலை எவ்வளவு மலிவாயினும் திரும்பி வந்துவிடலாம். புதிதாகப் பூசிய வர்ணம் மட்டும் பளபளத்தால் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

வண்டியிலோ, பனிக்காலத்தில் தெருக்களில் உப்புத் தூவும் பிரதேசங்களில் ஓடியதாயின், அடியிலே குனிந்து சட்டகத்தின் துருவைப் பார்க்க வேண்டும். டயரின் பக்கத்தில் அதன் சுமையளவும், நான்கு இலக்கங்களில் அதன் பிறந்த காலமும் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றால் 2019 ஆம் ஆண்டின் 23 ஆவது வாரம். புதிதுபோல் தோன்றும் டயரின் உண்மை வயதை இந்த இலக்கம் காட்டிக்கொடுத்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கேம்பரை நம் கண்முன்னே இறக்கி ஏற்றிக் காட்டுமாறு விற்பவரைக் கேட்க வேண்டும். நான்கு கால்களும் சீராக உயர்கின்றனவா, வண்டி இடறாமல் நுழைகிறதா, இரண்டையும் பிணைக்கும் கட்டுகள் உறுதியானவையா என்பன அந்த அரைமணி நேரத்தில் வெளிப்பட்டுவிடும்.

எதை முதலில் வாங்குவது? வண்டி ஏற்கெனவே இருந்தால், அதன் வலிமைக்குள் அடங்கும் கேம்பரையே தேட வேண்டும். இரண்டுமே இல்லையெனில், குடும்பத்துக்கு ஏற்ற கேம்பரை முதலில் தீர்மானித்து, நிரம்பிய நிலையில் அதன் நிறையை அறிந்து, அதனைத் தாங்கி மேலும் சிறிது மிச்சம் வைக்கும் வண்டியைத் தேடுவதே முறை. இருக்கும் வண்டிக்கு ஆசைப்பட்ட கேம்பரை வற்புறுத்திப் பொருத்துவதிலேதான் பலரும் தவறுகிறார்கள்.

ஸ்டைன்பெக்கும் இதற்கு முற்றிலும் விலக்கானவர் அல்லர். வேண்டியதற்கு மேலே பொருள்களை ஏற்றிவிட்டதாக அவரே நகைச்சுவையோடு ஒப்புக்கொண்டார். படிக்க எண்ணிய புத்தகங்கள் மாத்திரம் 150 இறாத்தலாம்! பின்னர் ஒரிகன் மாநிலத்தில், மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமையிலே, பின்புற டயர் ஒன்று வெடித்து அவரைத் தெருவிலே நிறுத்தியது. அவ்விடர் நீங்கி அவர் சுகமாக வீடு திரும்பினார். ரொசினாந்தே இன்று கலிபோர்னியாவின் சலீனாஸ் நகரிலே, அவர் பெயரால் அமைந்த நிலையத்தில் காட்சிப்பொருளாய் நிற்கிறது.

பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் பெற்றோர் அத்தகைய அதிர்ஷ்டத்தை நம்பியிருக்கலாகாது. பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் நிறையை எண்ணிப் பார்க்கட்டும். அந்தக் கணக்குக்கு ஒரு தாளும் பென்சிலும் போதும்.